தடை போட்டால் தட்டு நிறையுமா?

கேள்வி இது: "பெருந்தொற்று மாதிரியான காலத்தில் ஒரு நாடு உணவுப் பொருள் ஏற்றுமதியை நிறுத்தி வைப்பதில் என்ன தவறு? தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும்? 2020இல் கடை அலமாரிகள் காலி என்றார்கள், அதே வாரம் பாலைக் கீழே கொட்டுகிறார்கள் என்றும் செய்தி வந்தது. இதில் எதை நம்புவது? இறக்குமதியை நம்பி இருக்கும் நாடுகள் அடுத்த முறை என்னதான் செய்ய முடியும்?"

நடுவில் இருக்கும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிவானால் தடை பற்றிய வாதத்தில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

இரண்டு செய்திகளும் உண்மை. 2020 மார்ச்சில் உலகத்தில் தானியத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆண்டு விளைச்சல் சுமார் 270 கோடி டன். அதற்கு மேல் பழைய கையிருப்பாக 80 கோடி டன்னுக்கும் அதிகமாகக் கிடங்குகளில் கிடந்தது. தீவனம், ஆலை, சாப்பாடு எல்லாம் சேர்த்து உலகம் ஓராண்டில் செலவழிப்பதில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் அது. இந்தக் கையிருப்பில் பாதியளவு சீனாவில் இருந்தது, அது வெளியே வராது என்று கழித்துவிட்டுப் பார்த்தாலும் நிலைமை மோசமில்லை. விலையும் அதையே சொன்னது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உணவு விலைக் குறியீடு 2020 மே வரை மாதாமாதம் இறங்கிக்கொண்டே போனது. கச்சா எண்ணெய் விலை சரிந்து, ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் பூஜ்யத்துக்கும் கீழே போனதில், பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்குப் போக வேண்டிய மக்காச்சோளம் வாங்க ஆளில்லாமல் நின்றது.

அப்படியென்றால் அலமாரி ஏன் காலியானது? பிரிட்டனின் கோதுமை மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விற்கும் மாவில் சுமார் நான்கு சதவீதம்தான் கடைகளில் சிறு பாக்கெட்டாக விற்பது. மிச்சமெல்லாம் பேக்கரிகளுக்கும் பிஸ்கட் ஆலைகளுக்கும் பெரிய மூட்டைகளிலோ டேங்கர் லாரிகளிலோ போகிறது. ஊரடங்கு வந்ததும் வீட்டிலிருந்த எல்லோருக்கும் ரொட்டி சுடும் ஆசை வந்துவிட்டது. ஆலையில் மாவு மலையாகக் கிடந்தது. அதை ஒன்றரைக் கிலோ பையில் நிரப்பும் இயந்திரங்கள்தான் போதவில்லை. இரவு பகலாக ஓட்டியும் தேவையைப் பிடிக்க முடியவில்லை. வாடிக்கையாளர் கண்ணுக்கு அது "மாவு இல்லை". ஆலைக்காரருக்கு அது "பை நிரப்பும் லைன் இல்லை". இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

பாலும் இதே கதைதான், இன்னும் வேகமாக. பள்ளிகளும் ஓட்டல்களும் மூடிய அன்றே அவற்றுக்குப் போன பாலுக்கும் சீஸுக்கும் வெண்ணெய்க்கும் வழி அடைபட்டது. மாடு ஊரடங்கைப் பார்த்துக் கறக்காமல் இருக்காது. ஆலையின் தொட்டி நிறைந்துவிட்டால் அடுத்த டேங்கரை இறக்க இடமில்லை. அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் நாளொன்றுக்கு 1.4 கோடி லிட்டர் வரை பால் கொட்டப்படுவதாக அந்நாட்டின் மிகப்பெரிய பால் கூட்டுறவே கணக்குச் சொன்னது. பெல்ஜியத்தில் 7.5 லட்சம் டன் உருளைக்கிழங்கு தேங்கிப்போய், வாரத்துக்கு இரண்டு முறையாவது வறுவல் சாப்பிடுங்கள் என்று வியாபாரிகள் சங்கம் மக்களைக் கேட்டுக்கொண்டது. சிரிப்பாக இருக்கும். ஆனால் உணவகத்துக்கென்றே விளைவித்து, உணவகத்துக்கென்றே வெட்டி உறைய வைக்கும் ஒரு தொழில் வேறு எங்கே போய் விற்கும்?

மனிதர்கள் கூடி நிற்கும் இடங்களில்தான் சங்கிலி உண்மையாகவே அறுந்தது. அமெரிக்காவில் சூ ஃபால்ஸ் நகரிலிருந்த ஒரே ஒரு பன்றி இறைச்சி ஆலை அந்நாட்டு உற்பத்தியில் நான்கைந்து சதவீதத்தைத் தந்துகொண்டிருந்தது. தொழிலாளர்களிடம் தொற்று பரவி ஏப்ரல் நடுவில் அது மூடப்பட்டது. தோளோடு தோள் உரசி, குளிரில், இரைச்சலில் கத்திப் பேசிக்கொண்டு வேலை செய்யும் இடம் அது. அடுத்தடுத்து வேறு ஆலைகளும் மூட, பண்ணைகளில் எடை கூடி நின்ற பன்றிகளை அனுப்ப இடமில்லாமல் அங்கேயே கொன்றார்கள். ஐரோப்பாவில் அறுவடைக்கு ஆளில்லை. ஜெர்மனி எல்லையை மூடிய கையோடு, ஆஸ்பாரகஸ் என்ற தண்டுக் காயைப் பறிக்க ருமேனியாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் ஏப்ரலில் 40,000 பேர், மே மாதத்தில் 40,000 பேர் என்று விமானத்தில் வர அனுமதி கொடுத்தது. எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த மாதம் அது.

போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விமானச் சரக்கில் பாதியளவு பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகும். பயணிகள் விமானம் நின்றதும் பழம், மீன், பச்சைக் காய்கறி நின்றது. போலந்து-ஜெர்மனி எல்லையில் லாரிகள் பல பத்து கிலோமீட்டருக்கு வரிசைகட்டி நின்ற பிறகுதான், சரக்கு லாரியைச் சோதிக்க 15 நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள் என்று ஐரோப்பிய ஆணையம் மார்ச் 23 அன்று சொன்னது. கப்பலில் சிக்கிய மாலுமிகள் ஆண்டின் பிற்பகுதியில் சுமார் நான்கு லட்சம் பேர். ஒப்பந்தம் முடிந்தும் பல நாடுகள் இறங்க விடவில்லை. அவர்கள் வேலையை விட்டிருந்தால் தானியக் கப்பல் ஒன்றுகூட நகர்ந்திருக்காது. அதைப் பற்றி அப்போது பேசியவர்கள் குறைவு.

இப்போது தடைக்கு வருவோம். 2020 ஏப்ரல் பிற்பகுதியில் உலக வர்த்தக அமைப்பு கணக்கெடுத்தபோது 80 நாடுகளும் சுங்கப் பிரதேசங்களும் ஏதாவதொரு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டிருந்தன. பெரும்பாலும் முகக்கவசம், மருந்து, வென்டிலேட்டர். உணவுக்குப் போட்டவர்கள் குறைவுதான், ஆனால் பட்டியல் விசித்திரமானது. தாய்லாந்து முட்டையை நிறுத்தியது. எகிப்து பருப்பு வகைகளை நிறுத்தியது. கஜகஸ்தான் கோதுமை மாவைத் தடுத்தது. அதை நம்பி வாழும் மத்திய ஆசிய நாடுகளும் ஆப்கானிஸ்தானும் கலங்கின, அதன் சொந்த மாவு ஆலைக்காரர்களும் கத்தினார்கள், சில நாளில் தடை, இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற ஒதுக்கீடாக மாறியது. ருமேனியா ஏப்ரல் 10 அன்று ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே தானியம் போகக் கூடாது என்றது, ஒரு வாரத்துக்குள் வாபஸ் வாங்கியது. ரஷ்யா ஏப்ரல் முதல் ஜூன் வரை 70 லட்சம் டன் என்று வரம்பு வைத்தது. வரம்பு என்றதும் வியாபாரிகள் முண்டியடித்துப் பதிவு செய்ததில் ஏப்ரல் முடியும் முன்பே அது தீர்ந்துபோனது.

வியட்நாமில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். உலகில் அதிகம் அரிசி விற்கும் நாடுகளில் அது ஒன்று. மார்ச் 24 அன்று புதிய ஏற்றுமதிப் பதிவுகளைச் சுங்கத்துறை நிறுத்தியது. மேக்கொங் கழிமுகத்தில் குளிர்-வசந்த காலப் போகம், அதாவது ஆண்டின் பெரிய விளைச்சல், அப்போதுதான் களத்துக்கு வந்துகொண்டிருந்தது. நெல் குவியும் நேரத்தில் விற்கும் வாசலை அடைத்தால் விவசாயி எங்கே போவார்? ஏற்றுமதியாளர்கள் போட்ட கூச்சலில் ஏப்ரலுக்கு நான்கு லட்சம் டன் அனுமதித்தார்கள். சுங்கத்துறையின் இணையப் பதிவு ஏப்ரல் 12 பிறக்கும் நள்ளிரவில் திறந்தது. சுமார் மூன்று மணி நேரத்தில் நான்கு லட்சம் டன்னும் முடிந்துவிட்டது. துறைமுகத்தில் சரக்கைக் கொண்டுபோய் வைத்துக் காத்திருந்தவர்கள் தூங்கி எழுந்தபோது ஒதுக்கீடு இல்லை. ஒதுக்கீடு கிடைத்தவர்களில் சிலரிடம் துறைமுகத்தில் சரக்கு இல்லை. கன்டெய்னர் வாடகையும் கப்பல் தாமதக் கட்டணமும் யார் கணக்கில் ஏறியது என்று சொல்ல வேண்டியதில்லை. மே 1 முதல் எல்லாம் பழையபடி திறந்துவிடப்பட்டது. இந்த ஐந்து வாரக் கூத்தில் நாட்டு மக்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த அரிசி என்று காட்ட ஒன்றும் இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு அரிசி குறையவே இல்லை.

அந்த வாரங்களில் தாய்லாந்து அரிசி விலை ஏழாண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போனது. தாய்லாந்தின் வறட்சியும் அதற்குக் காரணம், உண்மைதான். ஆனால் அரிசிச் சந்தையின் சுபாவமும் இதில் இருக்கிறது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் அரிசி விளைந்தால் நாடு விட்டு நாடு போவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கோதுமையில் இது கால்வாசி. இவ்வளவு ஒல்லியான சந்தையில் ஒரு பெரிய விற்பனையாளர் விலகி நின்றால் போதும், வாங்குபவர்கள் பதறிவிடுவார்கள். பதற்றத்தில் வாங்கினால் விலை ஏறும். ஏறும் விலையைப் பார்த்து இன்னொரு ஏற்றுமதி நாடு தடை போடும்.

இது முழு வேகத்தில் ஓடியது 2008இல். 2007 அக்டோபரில் இந்தியா பாஸ்மதி அல்லாத அரிசிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வியட்நாமும் வேறு சில நாடுகளும் தொடர்ந்தன. உலக நெல் விளைச்சல் அந்த ஆண்டுகளில் நன்றாகவே இருந்தது. ஆனாலும் 2008 ஜனவரியில் டன் 400 டாலருக்குக் கீழே இருந்த தாய்லாந்து அரிசி, மே மாதத்துக்குள் 1,000 டாலரைத் தாண்டியது. வாங்கும் நாடுகளும் சும்மா இல்லை. பிலிப்பைன்ஸ் டெண்டருக்கு மேல் டெண்டர் விட்டு, என்ன விலையானாலும் வாங்குவோம் என்று சந்தைக்குக் காட்டிக்கொடுத்தது. வில் மார்ட்டின், கிம் ஆண்டர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பின்னர் கணக்குப் போட்டார்கள். அரிசி விலை ஏறியதில் சுமார் 45 சதவீதம், கோதுமையில் சுமார் 30 சதவீதம், அரசுகள் எல்லையில் போட்ட நடவடிக்கைகளால் மட்டுமே வந்தது என்றார்கள். ஏற்றுமதித் தடையும் சரி, வாங்கும் நாடுகள் இறக்குமதி வரியைச் சட்டென்று குறைத்து அதிகம் வாங்கியதும் சரி, இரண்டும் அதில் அடக்கம்.

அந்த விலை எப்படி இறங்கியது என்பது அதைவிடச் சுவாரசியம். உலக வர்த்தக ஒப்பந்தப்படி ஜப்பான் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு வெளிநாட்டு அரிசியை வாங்கியே ஆக வேண்டும். ஜப்பானியர்கள் அதைச் சாப்பிட விரும்புவதில்லை. அப்படிச் சேர்ந்து கிடந்தது சுமார் 15 லட்சம் டன், அதில் நிறைய அமெரிக்க அரிசி. அமெரிக்கா தலையசைக்காமல் அதை மறுபடி வெளியே விற்க முடியாது. 2008 மே மாதத்தில் அமெரிக்கா ஆட்சேபிக்காது, ஜப்பான் அந்த அரிசியை விடப்போகிறது என்ற செய்தி கசிந்தது. செய்தி மட்டும்தான். பெரிய அளவில் மூட்டை எதுவும் கப்பலேறவே இல்லை. அதற்குள் விலை சரியத் தொடங்கிவிட்டது.

"தனக்கு மிஞ்சித்தான் தானம்" என்ற வாதத்துக்கு இப்போது பதில் சொல்லலாம். ஏற்றுமதி தானம் இல்லை, விற்பனை. தன் தேவைக்கு மேல் விளைவிக்கும் நாட்டில், வெளியே விற்க முடியும் என்று நம்பித்தான் விவசாயி அந்த மிச்சத்தை விளைவிக்கிறார். தடை வந்தால் உள்ளூர் விலை இறங்கும், நகரத்தில் இருப்பவருக்கு அது இனிக்கும், அந்த இனிப்புக்கான காசு விவசாயியின் பையிலிருந்து போகிறது. அடுத்த போகத்தில் அவர் வேறு பயிருக்கு மாறினால் மிஞ்சுவதும் குறைந்துவிடும். பழைய வாடிக்கை நாடுகள் வேறு இடம் தேடிப் போனால் திரும்பி வர ஆண்டுக்கணக்காகும். அதோடு பெருந்தொற்றில் உடைந்தது பை நிரப்பும் லைனும் வெட்டும் ஆலையும் எல்லைச் சாவடியும். இவற்றில் ஒன்றைக்கூட ஏற்றுமதித் தடை சரிசெய்யாது.

இத்தனை சொன்ன பிறகும், தடை போடும் அமைச்சர்களை முட்டாள்கள் என்று எழுதும் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை. வருமானத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே செலவழிக்கும் குடும்பங்கள் நிறைந்த நாட்டில் விலை ஒரே வாரத்தில் ஏறினால், அரசு அந்த வாரமே ஏதாவது செய்தாக வேண்டும். ஏழைகளின் பட்டியலும் அவர்களுக்குப் பணம் போய்ச்சேரும் வழியும் முன்பே தயாராக இல்லாத அரசின் கையில் இருக்கும் ஒரே மலிவான கருவி, துறைமுகத்தில் ஒரு கையெழுத்து. அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்தக் கையெழுத்திலும் நல்லது கெட்டது உண்டு. முடியும் தேதி போட்ட தடை, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களை விட்டுவைக்கும் தடை, நிவாரணத்துக்கு வாங்கும் தானியத்துக்கு விலக்கு தரும் தடை, இவை அடுத்தவருக்குச் செய்யும் சேதம் குறைவு. தடைக்குப் பதில் ஏற்றுமதி வரி போடுவது இன்னும் நல்லது, அதில் அரசுக்குப் பணமாவது வரும். நள்ளிரவில் அறிவித்து, எப்போது முடியும் என்று சொல்லாமல் விடும் தடைதான் உலகத்தைப் பதற வைக்கிறது.

சர்வதேச விதிகள் தடுக்காதா என்று கேட்பீர்கள். உலக வர்த்தகத்தின் அடிப்படை ஒப்பந்தமான காட் (GATT) ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவு அளவுக் கட்டுப்பாடுகளைப் பொதுவாகத் தடை செய்கிறது, உடனே விலக்கும் தருகிறது. கடுமையான உணவுத் தட்டுப்பாட்டைத் தவிர்க்கவோ தணிக்கவோ தற்காலிகமாகத் தடை போடலாம். "தற்காலிகம்" எத்தனை மாதம், "கடுமை" எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. உலக வர்த்தக அமைப்பின் வேளாண்மை ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு, முன்கூட்டியே எழுத்தில் தெரிவி, வாங்கும் நாடு கேட்டால் கலந்து பேசு என்கிறது. வளரும் நாடுகளில் அந்தப் பொருளை நிகரமாக ஏற்றுமதி செய்பவற்றுக்கு மட்டுமே அதுவும் பொருந்தும். மேலே சொன்ன 80இல், அந்த ஏப்ரல் கணக்குப்படி, ஐரோப்பிய ஒன்றியத்தை ஒன்றாக எண்ணினால் 13 உறுப்பினர்கள்தான் கட்டுப்பாடுகளை முறைப்படி தெரிவித்திருந்தார்கள்.

பிறகு ஏன் 2020இல் 2008 போல ஆகவில்லை? கையிருப்பும் மலிவான எண்ணெயும் பெரிய காரணம். பெரிய ஏற்றுமதி நாடுகளில் பெரும்பாலானவை கூட்டத்தோடு சேராமல் நின்றன. 2011இல் ஜி20 நாடுகள் உருவாக்கிய வேளாண் சந்தைத் தகவல் முறையும் உதவியது என்பது என் கணிப்பு. எவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று மாதாமாதம் பொதுவில் சொல்லும் ஏற்பாடு அது. தானியம் இருக்கிறது என்று தெரிந்தால் பதற்றம் குறைகிறது.

பசி மட்டும் குறையவில்லை. 2020இல் 72 கோடி முதல் 81 கோடிப் பேர் வரை பட்டினியில் இருந்ததாக ஐ.நா. அமைப்புகளின் அடுத்த ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. கிடங்கில் தானியம் இருந்தும் கையில் கூலி இல்லாதவர்கள் அவர்களில் நிறையப் பேர். பள்ளி மூடியதால் மதிய உணவு இழந்த குழந்தைகள் சுமார் 37 கோடி என்று உலக உணவுத் திட்டம் சொன்னது. பள்ளிச் சமையலறையும் விநியோகச் சங்கிலியின் ஒரு கண்ணிதான், யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த உலக உணவுத் திட்டம் நிவாரணத்துக்கு வாங்கும் தானியத்தையாவது தடைகளிலிருந்து விலக்குங்கள் என்ற தீர்மானம் 2020 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் ஒருமித்த சம்மதம் கிடைக்காமல் நின்று, 2022 ஜூனில்தான் நிறைவேறியது. அதற்குள் உக்ரைன் போரில் உணவு விலைக் குறியீடு (2014-16 சராசரி 100) 160ஐ ஒட்டி வந்துவிட்டது. இந்தோனேசியா பாமாயிலையும் இந்தியா கோதுமையையும் நிறுத்தியிருந்தன.

கடைசிக் கேள்வி, இறக்குமதியை நம்பும் நாடுகள். எல்லாவற்றையும் நாமே விளைவிப்போம் என்ற முழக்கத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. உள்நாட்டு வறட்சிக்கும் உள்நாட்டு ஊரடங்குக்கும் அது பதிலாகாது. பல நாடுகளிடமிருந்து வாங்குவது, விலை ஏறும்போது மொத்தமாக டெண்டர் விடாமல் இருப்பது, இரண்டு மூன்று மாத இருப்பைச் சாதாரண நாளிலேயே வைத்திருப்பது, இவைதான் நடக்கக்கூடியவை. கூட்டு இருப்பு என்று தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், தென் கொரியாவும் சேர்ந்து வைத்திருக்கும் அவசர அரிசி இருப்பு 7.87 லட்சம் டன். அதில் பெரும்பகுதி கிடங்கில் இல்லை, தேவைப்பட்டால் தருவோம் என்ற வாக்குறுதியாகத்தான் இருக்கிறது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு சிங்கப்பூருடையது. உணவில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு அது. அங்கே முக்கிய அரிசி வகைகளை இறக்குமதி செய்ய உரிமம் வாங்குபவர், தன் மாத இறக்குமதியைப் போல இரு மடங்கு அரிசியை அரசு குறித்த கிடங்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். அரிசி வியாபாரிக்கே சொந்தம். பழையதை எடுத்து விற்றுவிட்டுப் புதியதை அவரே நிரப்புகிறார், அதனால் புழுத்துப்போவதில்லை. நெருக்கடி வந்தால் அரசு இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.